இரண்டு பேர், இரண்டு பை: கோடியக்கரை, முத்துப்பேட்டை சஃபாரிக்கு முழுமையான வழிகாட்டி

டெல்டாவில் சஃபாரியா என்று சிரிப்பவர்கள் பலர். நெல்லும் வாய்க்காலும் முடிகிற இடத்தில் வெளிமான் மேயும் புல்வெளியும், பூநாரை நிற்கும் சதுப்பும், அலையாத்திக் காடும் இருக்கின்றன. முதுமலை மாதிரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் எல்லாவற்றையும் காட்டிக் கூட்டிவந்து விடுவார்கள் என்று நினைத்து வருகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். பதினொரு மணிக்கு வந்து இறங்கி, வெயிலில் இரண்டு மட்டக்குதிரையைப் பார்த்துவிட்டு, "ஒன்னுமே இல்லப்பா" என்று திரும்புகிற கூட்டத்தை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம். இங்கே விஷயம் இடம் அல்ல, நேரம். எந்த மாதம், எந்த நாள், காலையில் எத்தனை மணி என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டால் மீதி தானாக அமைந்துவிடும். அதனால் இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

பயணம் இப்படி: தஞ்சாவூரில் தொடங்கி வடுவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம், அங்கிருந்து கோடியக்கரை. திரும்பும்போது திருத்துறைப்பூண்டி, உதயமார்த்தாண்டபுரம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, மறுபடி தஞ்சாவூர். பஸ்ஸிலேயே போனால் மூன்று நாள் தாராளமாகப் போதும்.

1. முதலில் மாதம், பிறகுதான் லீவு

எல்லோரும் லீவு கிடைத்த நாளை வைத்துக்கொண்டு பயணத்தை அதற்குள் திணிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்.

வெளிமான் வருடம் முழுவதும் இருக்கும். பறவைதான் மாதம் பார்த்து வரும். அக்டோபரிலேயே வலசை தொடங்கிவிடும், ஆனால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது இந்த வேதாரண்யம் பக்கம்தான். அந்த மாதங்களில் படகு ஓடாது, மண் பாதை எல்லாம் சேறு, காட்டுக்குள் விடவும் மாட்டார்கள்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் சதுப்பில் தண்ணீர் ஆழமாக நிற்கும். உள்ளான் மாதிரி கால் குட்டையான பறவைகளுக்கு அந்த ஆழத்தில் இரை எட்டாது, பூநாரைக்கே சிரமம். தண்ணீர் வற்றி முழங்காலுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கூட்டம் கூடும். அதனால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் தாண்டினால் மான் மட்டும் பார்க்கலாம், வெயிலையும் சேர்த்து.

தேதி போடும்போது நாள்காட்டியில் இரண்டு விஷயம் பாருங்கள். தை அமாவாசையன்று கோடியக்கரைக் கடலில் குளிக்க ஊர் ஊராக ஜனம் வரும். காணும் பொங்கலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் புண்ணியம் கிடைக்கலாம், மான் கிடைக்காது. செவ்வாய், புதன் போன்ற வார நடுநாள்தான் நல்லது.

2. கூட வருபவரிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்

நண்பர் நல்லவர் என்பது வேறு, இந்தப் பயணத்துக்கு ஏற்றவர் என்பது வேறு. மூன்று கேள்வி கேளுங்கள்: காலை நாலரைக்கு எழுந்திருப்பாயா, ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவாயா, பாத்ரூம் சுமாராக இருந்தால் பரவாயில்லையா. மூன்றில் எதற்காவது இழுத்துப் பதில் வந்தால் அவரோடு வேளாங்கண்ணி போய்விட்டு வாருங்கள், இருவருக்கும் சந்தோஷம்.

பைனாகுலர் இரண்டு இருந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றுவது என்று முன்பே பேசிவையுங்கள். மான் தெரியும்போது "குடுடா, குடுடா" என்று பிடுங்குகிற சத்தத்திலேயே அது ஓடிவிடும். ஒருவர் பார்க்கும்போது மற்றவர் சுற்றுமுற்றும் கவனிக்க வேண்டும். பைனாகுலரில் கண்ணை வைத்திருப்பவருக்குப் பின்னால் வரும் நரி தெரியாது.

செலவுக் கணக்கு ஒருவரிடமே இருக்கட்டும். கடைசி நாள் பஸ்ஸில் பிரித்துக்கொள்ளலாம்.

3. அனுமதி, தங்குமிடம்: இரண்டையும் போன் பேசி முடியுங்கள்

கோடியக்கரை சரணாலயம் நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தின் கீழ் வருகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு திருவாரூர் மாவட்ட வனத்துறையிடம். இரண்டும் வேறு வேறு அலுவலகம் என்பது தெரியாமல், ஒரு இடத்தில் வாங்கிய அனுமதியை இன்னொரு இடத்தில் நீட்டி நிற்பவர்கள் உண்டு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கேட்கவேண்டியவை: இப்போது பார்வையாளர்களை விடுகிறார்களா, காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும், உள்ளே எதில் போகலாம், கூட ஆள் வருவாரா, கேமராவுக்குத் தனிக் கட்டணமா. இதில் முக்கியமானது திறக்கும் நேரம்தான். மற்றதெல்லாம் போன இடத்தில் சமாளிக்கலாம்.

தங்க இரண்டு வழி. கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. அங்கே அறை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், விடியற்காலையில் வண்டி தேடும் தொல்லை இல்லை. கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் லாட்ஜ். அப்படியானால் முதல் நாள் மாலையே ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி, காலை ஐந்தேகாலுக்கு லாட்ஜ் வாசலில் நிற்கச் சொல்லி, போன் நம்பர் வாங்கி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் முதல் பஸ்ஸை நம்பினால் வெயில் ஏறிய பிறகுதான் போய்ச் சேருவீர்கள்.

கூடாரம் கொண்டுவந்து கடற்கரையில் போட்டுக்கொள்ளலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். சரணாலயத்தில் அது ஆகாது. அதோடு இது இலங்கையைப் பார்த்த கரை, கடலோரக் காவல் எப்போதும் உண்டு. ராத்திரியில் டார்ச்சும் பைனாகுலருமாக இரண்டு புதிய ஆட்கள் திரிந்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அது அவர்கள் வேலை. அசல் ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

4. பையில் என்ன, ஏன்

ஆளுக்கு ஒரு முதுகுப்பை, ஏழு கிலோவுக்குள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போகவேண்டி வரும், அதற்கு மேல் இருந்தால் கண்டக்டர் முறைப்பார்.

பொதுச் சாமான்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவரிடம் மருந்துப்பை, பவர் பேங்க், மற்றவரிடம் டார்ச், கொசுவத்தி, கயிறு. இரண்டு பேரும் இரண்டிரண்டு எடுத்து வருவதுதான் வழக்கமாக நடக்கிறது.

காலணியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ரப்பர் செருப்போடு வருகிறார்கள். இந்தப் பக்கம் முழுக்க சீமைக் கருவேலம், அதன் முள் ரப்பர் அடியைத் துளைத்துக் காலில் ஏறும். தடித்த அடியுள்ள ஷூ ஒன்று, முத்துப்பேட்டைச் சேற்றுக்கு வார் வைத்த செருப்பு ஒன்று, அவ்வளவுதான்.

சட்டை மங்கிய பச்சை, காக்கி, மண் நிறம். வெள்ளை வேண்டாம், திறந்த புல்வெளியில் வெள்ளைச் சட்டை வெகுதூரத்துக்குத் தெரியும். காற்றில் சரசரக்கிற மழைக்கோட்டை நடக்கும்போது போடாதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், வேதாரண்யத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கடல் ஒட்டிய ஊர், நிலத்தடி நீர் உப்பு. சாப்பாட்டை மூடிய டப்பாவில் வையுங்கள், கேரிபேக்கில் வேண்டாம். குரங்குக்குக் கேரிபேக் என்றால் சோறு என்று தெரியும். பிடுங்கிக் கிழித்துப் போட்ட கவரை அடுத்து மான் தின்னும்.

5. போய்ச் சேரும் நாள்

தஞ்சாவூரிலிருந்து காலை ஏழுக்குள் மன்னார்குடி பஸ் பிடித்தால் வடுவூர் ஏரி வழியிலேயே வரும். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஏரி. கரையில் நடந்து, கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி ஒரு மணி நேரம் நில்லுங்கள். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு: பைனாகுலரைக் கண்ணுக்குப் பொருத்தி, பறவையைக் கண்டுபிடித்துப் பின்தொடரப் பழகுவது இங்கே நடந்துவிட வேண்டும். கோடியக்கரையில் போய்த் திருகிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். பாம்புத்தாராவும் நத்தைகுத்தி நாரையும் அவசரப்படாத பறவைகள், பழகிக்கொள்ளச் சரியான ஆட்கள்.

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று பஸ் மாறி மதியத்துக்குள் போய்விடலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கி.மீ. அகலப் பாதை 2023 ஏப்ரலில் திறந்திருக்கிறது, வேதாரண்யத்திலும் ரயில் நிற்கும். வண்டிகள் குறைவு என்பதால் நேரம் பொருந்தினால் மட்டும் ரயில், இல்லாவிட்டால் பஸ்தான்.

மாலையில் எங்கும் அலையவேண்டாம். ஆட்டோ பேசுங்கள், தண்ணீர் வாங்குங்கள், மெஸ்ஸில் மீன் குழம்பு சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுங்கள்.

6. வெளிமான்: விடிந்ததும் இரண்டரை மணி நேரம்

டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் உதிக்கும். நுழைவுச் சாவடி திறக்கும்போது நீங்கள் அங்கே இருக்கவேண்டும். ஒன்பதுக்கு மேல் இரண்டு விஷயம் கெடும். மான்கள் மேய்ச்சலை நிறுத்தி ஒதுங்கிப் படுக்கத் தொடங்கும். தரையிலிருந்து சூடு எழும்பி, தூரத்தில் இருப்பதெல்லாம் நெளியும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் அந்த நெளிவைத் தாண்டிப் படம் எடுக்காது. "போகஸ் சரியில்லை" என்று கேமராவைத் திட்டுகிறவர்கள் பலர் உண்மையில் திட்டவேண்டியது தாங்கள் எழுந்த நேரத்தை.

முதலில் காடு, அதைத் தாண்டினால் புல்வெளி. காட்டுப் பகுதி மழை குறைந்தாலும் இலை உதிர்க்காத வகை, பாலை மரம் நிறைய. அங்கே தெரிகிற மான் பெரும்பாலும் புள்ளிமான். வெளிமான் பெயருக்கேற்ப வெளியில்தான் இருக்கும். புதிதாக வருபவர்கள் மரத்தடியில் புள்ளிமானைப் பார்த்துவிட்டு வெளிமான் பார்த்தாச்சு என்று திரும்பிவிடுகிறார்கள். வித்தியாசம் எளிது: உடம்பில் புள்ளி இருந்தால் புள்ளிமான். வெளிமான் பெண்ணுக்குப் புள்ளி கிடையாது, பழுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஆணுக்கு வயது ஏற ஏற முதுகு கருத்துக்கொண்டே போகும், கொம்பு முறுக்கியிருக்கும். இளம் ஆண் பழுப்பாகவே இருக்கும் என்பதால் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் கொம்பைப் பாருங்கள்.

புல்வெளி ஓரத்துக்கு வந்ததும் நடக்காதீர்கள், நில்லுங்கள். ஐந்து நிமிடம் வெறுங்கண்ணால் இடமிருந்து வலமாக மெதுவாகப் பாருங்கள். பனி இருக்கும் காலையில் உடம்பு தெரியாது. புல்லுக்கு மேலே திருகிய இரண்டு குச்சி நட்டுவைத்த மாதிரி முதலில் கொம்புதான் தெரியும், அது அசைந்த பிறகுதான் கீழே ஒரு தலை இருப்பது புரியும். அதன் பிறகு பைனாகுலரை எடுங்கள். எடுத்த எடுப்பில் பைனாகுலரில் தேடுகிறவர் ஒரு சின்ன வட்டத்துக்குள் மாட்டிக்கொள்வார்.

எங்கே நிற்பது? சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், அதாவது மானுக்குக் கிழக்கே நீங்கள். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும் காலம், அதனால் உங்கள் வாடை மான் பக்கம் போகுமே என்று சிலர் கேட்பார்கள். போகும்தான். ஆனால் வெளிமான் மூக்கைவிடக் கண்ணையே அதிகம் நம்புகிற விலங்கு. உருவம் தெரியாமல், அசையாமல் இருப்பதுதான் முக்கியம். புதர் ஓரமாக உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வண்டியில் போனால் இறங்கவே வேண்டாம். வண்டியைச் சகித்துக்கொள்ளும் மான், அதிலிருந்து இரண்டு கால் கீழே இறங்கியதும் ஓடும்.

ஒரு கறுத்த ஆண் தனியாக ஒரே இடத்தில் நின்றால் அது அதன் எல்லைக்குட்பட்ட இடம். பக்கத்தில் புழுக்கை குவியல் குவியலாகக் கிடக்கும், திரும்பத் திரும்ப அங்கேயே போடும். அதை நெருங்காமல் தள்ளி உட்கார்ந்து காத்திருங்கள், அது எங்கும் போகாது. மற்ற ஆண் வந்தால் மூக்கை மேலே தூக்கி, கொம்பை முதுகோடு சாய்த்து ஒரு நடை நடக்கும், கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் மாமா நடப்பாரே, அப்படி.

எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேய்ந்துகொண்டிருந்த மான்கள் எல்லாம் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நீங்கள் கிட்டத்தில் வந்துவிட்டீர்கள். ஒன்று சட்டென்று நின்ற இடத்திலிருந்து உயரத் துள்ளினால் எல்லை தாண்டிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். துரத்திப் படம் எடுப்பது சட்டப்படியும் குற்றம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது.

மட்டக்குதிரைகள் நிறையத் தெரியும். அவை காட்டுக்குதிரை அல்ல, எப்போதோ மனிதர் வளர்த்து விட்டவற்றின் வழி வந்தவை. அழகாகத்தான் இருக்கும், ஆனால் மானின் புல்லைத்தான் அவையும் தின்கின்றன. பிஸ்கட் நீட்டாதீர்கள், கடித்தும் விடும்.

புல்லில் உட்கார்ந்து எழுந்த பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் சட்டைக் காலர், காது மடல், முழங்கால் பின்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். மாடும் குதிரையும் மேய்கிற இடம், உண்ணி இருக்கும்.

7. மாலையில் சதுப்பு

மதியம் தூங்குங்கள். மூன்றரைக்குக் கிளம்பினால் போதும்.

பூநாரை ஒரே இடத்தில் நிற்காது. தண்ணீர் எங்கே ஆழம் குறைவோ அங்கே நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் போன வருடம் யாரோ போட்ட படத்தின் இடத்தைத் தேடிப் போகாதீர்கள். வனக்காவலரையோ, உப்பளத்தில் வேலை செய்பவரையோ கேளுங்கள். "அண்ணே, இப்ப பூநாரை எந்தப் பக்கம் எறங்குது?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அகஸ்தியம்பள்ளி உப்பளப் பக்கமாக இருக்கலாம், சிறுதலைக்காடு பக்கமாக இருக்கலாம். உப்பளப் பாத்திகள் பலவும் குத்தகை நிலம், வரப்பில் இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பாத்தி வரப்பை மிதித்து உடைத்தால் அது ஒருவருடைய உழைப்பு.

மாலையில் சூரியன் மேற்கே, அதனால் கூட்டத்துக்கு மேற்கே நின்று கிழக்கே பாருங்கள். எதிர்வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான், இளஞ்சிவப்பு தெரியாது. பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை வடிகட்டித் தின்பதை ஒரு பத்து நிமிடம் பாருங்கள். பறக்கும்போது படம் வேண்டும் என்று கல் எறிகிற ஜன்மங்களும் உண்டு. வலசைப் பறவை தின்று சேர்த்த கொழுப்பை இப்படி வீணாகப் பறக்கவைத்துக் கரைப்பது, அதன் திரும்பும் பயணத்தில் கைவைப்பது.

காலில் வளையமோ எழுத்துப் போட்ட சிறு பட்டையோ தெரிந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால் என்பதைக் குறித்து, முடிந்தால் படம் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைக்கு வளையமிட்டு வருபவர்கள் அவர்கள்தான்.

இருட்டும் முன் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். இருட்டிவிட்டால் டார்ச் இல்லாமல் ஒரு அடிகூட வேண்டாம். டெல்டாவில் கண்ணாடி விரியன் சகஜம். கடித்தால் கீறுவது, கட்டுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

8. முத்துப்பேட்டை: காலைப் படகுதான்

மூன்றாம் நாள் விடியலில் வேதாரண்யத்தை விட்டு, திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை. அங்கிருந்து ஜாம்புவானோடை படகுத்துறை பக்கம்தான். முன்பே அனுமதி பேசியிருந்தால் ஒன்பதுக்குள் படகு ஏறிவிடலாம்.

ஏன் காலை? கோரையாற்றில் போகும்வரை எந்த நேரமும் ஒன்றுதான். அது முடிந்து காயலில், அதாவது கடலை ஒட்டிய உப்பங்கழியில், திறந்த தண்ணீருக்கு வந்ததும், மதியக் காற்று எழும்பிவிட்டால் அலை அடித்துப் படகு ஆடும், பைனாகுலரை நிலையாகப் பிடிக்கவே முடியாது. உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், ஆழம் குறைவு என்று சொன்னாலும் போடுங்கள். கீழே இருப்பது இழுக்கிற சேறு.

படகுக்கு மொத்தமாகத்தான் வாடகை பேசுவார்கள். இரண்டே பேருக்கு அது கனமாக இருக்கும். துறையில் கொஞ்சம் காத்திருந்து வேறு ஒரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாம், ஆனால் பாட்டுப் பெட்டியோடு வருகிற கூட்டத்தோடு சேராதீர்கள். காசு மிச்சம், பறவை நஷ்டம்.

காட்டுக்குள் மரப்பாலத்தில் நடக்கும்போது கீழே குனிந்து பாருங்கள். சேற்றிலிருந்து விரல் விரலாக ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருப்பவை அலையாத்தியின் சுவாச வேர்கள். காற்றுப் புகாத சேற்றில் வேர் மூச்சுவிட இதுதான் வழி. இலையின் அடிப்பக்கத்தைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. பாலத்தை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்டு ஒடிந்த வேர் மறுபடி தலை தூக்க நாளாகும், உங்கள் காலும் முழங்கால்வரை போய்விடும்.

9. திரும்பும் வழி

நேரமிருந்தால் முத்துப்பேட்டைக்கு வரும்போதே உதயமார்த்தாண்டபுரத்தில் இறங்கிவிடலாம், திருத்துறைப்பூண்டி ரோட்டில்தான் இருக்கிறது. கூடு கட்டிய பறவைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம், அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் ஒரே மரத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஆனால் படகு நேரம் இடித்தால் இதை விடுங்கள். வடுவூரில் ஏறக்குறைய இதே பறவைகளைப் பார்த்தாயிற்று.

பட்டுக்கோட்டை வழியாக தஞ்சாவூருக்குப் பஸ் அடிக்கடி உண்டு. வீட்டுக்கு வந்ததும் படுப்பதற்கு முன் பைனாகுலரையும் கேமராவையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள், லென்ஸை மட்டும் அதற்கான துணியால். மூன்று நாள் உப்புக்காற்று அதில் படிந்திருக்கும், ஒரு வாரம் விட்டால் திருகுகிற இடமெல்லாம் இறுகிவிடும். ஷூவையும் கழுவிக் காயவைக்கும்போது அடியைத் தடவிப் பாருங்கள், ஒடிந்த முள் உள்ளேயே இருந்துகொண்டு அடுத்த முறை போடும்போது குத்தும்.